ஏரோது இறந்த ஆண்டும் இயேசு பிறந்த ஆண்டும்

இயேசு கிறிஸ்து கி.மு. 4ஆம் ஆண்டிலோ அதற்குச் சற்று முன்னரோ பிறந்தார் என்று வரலாற்று நூல்களில் முதன்முறையாக வாசிப்பவர் அதை அச்சுப்பிழை என்றே எண்ணக்கூடும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் ஆண்டில் கிறிஸ்து எவ்வாறு பிறந்திருக்க முடியும்? ஆனால் அது பிழையன்று. இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஆண்டுக் கணக்கின் தொடக்கத்தை ஆறாம் நூற்றாண்டில் ஒரு துறவி கணித்தார். அவருடைய கணிப்பு சில ஆண்டுகள் தவறிவிட்டது. அந்தத் தவறு தெரிய வந்தபோது அதைத் திருத்த முடியாத அளவுக்கு அந்தக் கணக்கு எங்கும் வேரூன்றியிருந்தது.

ஒவ்வொரு டிசம்பரிலும் இதைப் பற்றி இரு விதமான செய்திகள் கைப்பேசிகளில் பரவுகின்றன. ஒன்று, டிசம்பர் 25 என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட நாள் என்று கூறுகிறது. மற்றொன்று, அந்த நாள் சூரிய வழிபாட்டினரிடமிருந்து அப்படியே பறித்துக்கொள்ளப்பட்டது என்று அதே உறுதியுடன் கூறுகிறது. இரண்டுமே சான்றுகள் தாங்கக்கூடிய எடையைவிட மிகுதியான எடையை அவற்றின் மேல் ஏற்றுகின்றன. நான் இயேசுவை நம்புகிறவன். அதனாலேயே அவரைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளைக் கவனமாகவும் நேர்மையாகவும் கையாள வேண்டும் என்று விரும்புகிறவன். இந்த விஷயத்தில் பல ஆண்டுகளாக வாசித்து நான் வந்தடைந்த முடிவு இதுதான்: நம் கையில் உறுதியாக ஊன்றப்பட்ட முளை ஒன்றே ஒன்று; அது ஏரோது மன்னனின் மரணம். மற்றக் குறிப்புகளையெல்லாம் அந்த முளையில் கட்டிப் பார்த்துத்தான் அவை எவ்வளவு தூரம் செல்லும் என்று சொல்ல முடியும்.

முதலில், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகள் இந்தக் கேள்வியை எழுப்புவதே இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கி.பி. 50களில் கடிதங்கள் எழுதிய பவுல், இயேசு தாவீதின் வம்சத்தில், ஒரு பெண்ணிடம் பிறந்தார் என்பதற்கு மேல் அவருடைய பிறப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை. நான்கு நற்செய்தி நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் மாற்கு, யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற வரும் வளர்ந்த மனிதரோடு கதையைத் தொடங்குகிறது. யோவானிலும் பிறப்புக் கதை இல்லை. மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே அதைச் சொல்கின்றன. பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பின்படி இவ்விரண்டும் கி.பி. 80களை ஒட்டி எழுதப்பட்டவை, அதாவது அவை விவரிக்கும் நிகழ்ச்சிக்கும் அவற்றுக்கும் இடையே ஏறத்தாழ 85 ஆண்டு இடைவெளி உள்ளது. இவ்விரு கதைகளும் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஞானியரும் நட்சத்திரமும் எகிப்துக்குத் தப்பிச் செல்வதும் மத்தேயுவில் மட்டும் உள்ளன. குடிமதிப்பும் (மக்கள் கணக்கெடுப்பு) மேய்ப்பர்களும் முன்னணையும் (தீவனத் தொட்டி) லூக்காவில் மட்டும் உள்ளன. அப்படியிருந்தும், ஒன்றையொன்று பார்த்து எழுதியதாகத் தோன்றாத இவ்விரு கதைகளும் ஒரு காலக் குறிப்பில் ஒன்றுபடுகின்றன: யூதேயாவில் ஏரோது அரசாண்ட நாட்களில் இவை நடந்தன. இந்த ஒற்றுமைதான் நம்முடைய விசாரணைக்கு அடித்தளம்.

ஏரோது எப்போது இறந்தான் என்பதை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியரான யோசேப்பஸ் வழியாகவே அறிகிறோம். கி.மு. 40இல் உரோம ஆட்சி மன்றம் ஏரோதை யூதேயாவின் அரசனாக அறிவித்தது. அவனுடைய எதிரியான அந்திகோனு கி.மு. 37இல் வீழ்ந்த பிறகே அவன் உண்மையில் நாட்டைக் கைப்பற்றினான். உரோமர் அறிவித்ததிலிருந்து 37 ஆண்டும், அந்திகோனு கொல்லப்பட்டதிலிருந்து 34 ஆண்டும் ஆண்டு அவன் இறந்தான் என்று யோசேப்பஸ் எழுதுகிறார். தொடக்க ஆண்டையும் ஓர் ஆண்டாகச் சேர்த்து எண்ணும் அக்கால வழக்கப்படி இரண்டு கணக்கும் கி.மு. 4இல் வந்து நிற்கின்றன.

இதற்கு வானமும் ஒரு சான்று தருகிறது. ஏரோது நோயில் கிடந்தபோது, அவன் எருசலேம் ஆலய வாசலின் மேல் வைத்திருந்த பொற்கழுகை இளைஞர்கள் சிலர் வெட்டிக் கீழே தள்ளினார்கள். அதற்குத் தூண்டுதலாக இருந்த மத்தியா என்னும் போதகரையும் அவருடைய தோழர்களையும் ஏரோது உயிரோடு எரித்தான். அன்றிரவு சந்திர கிரகணம் நிகழ்ந்தது என்கிறார் யோசேப்பஸ். அதன்பின் நோய் முற்றி, யோர்தானுக்கு அப்பால் கல்லிரோவே என்னும் வெந்நீர் ஊற்றுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பயனின்றி எரிகோவுக்குத் திரும்பி, தன் மகன் அந்திப்பாத்தரைக் கொல்ல ஆணையிட்டு, அதன் ஐந்தாம் நாளில் ஏரோது இறந்தான். அடுத்து வந்தது யூதரின் இளவேனில் விழாவான பஸ்கா பண்டிகை. கி.மு. 4ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் விடியலுக்கு முன் எருசலேமில் ஒரு பகுதி கிரகணம் தெரிந்திருக்கும் என்பதும், அந்த ஆண்டின் பஸ்கா ஏப்ரல் 11ஐ ஒட்டி வந்தது என்பதும் வானியல் கணக்குகளால் தெரிந்தவை. ஆகவே ஏரோதின் மரணம் இவ்விரு நாட்களுக்கும் இடையில் நிகழ்ந்தது என்பதே நெடுங்காலமாகப் பெரும்பாலானோர் ஏற்ற முடிவு.

இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. யோசேப்பஸ் அடுக்கும் நிகழ்ச்சிகள் அத்தனையும், பெரும் சிறப்போடு நடந்த இறுதி ஊர்வலமும் ஏழு நாள் துக்கமும் உட்பட, ஒரு மாதத்துக்குள் அடங்குமா என்று அவர்கள் கேட்கிறார்கள். கி.மு. 1ஆம் ஆண்டு ஜனவரி 10இல் முழு கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. அதற்கும் அந்த ஆண்டின் பஸ்காவுக்கும் இடையே மூன்று மாதம் உண்டு. எனவே ஏரோது கி.மு. 1இல் இறந்தான், இயேசு கி.மு. 3இலோ 2இலோ பிறந்தார் என்பது அவர்கள் கொள்கை. திருச்சபை எழுத்தாளர்களான இரண்டாம் நூற்றாண்டின் இரேனேயுவும் அடுத்து வந்த தெர்த்துல்லியனும், நான்காம் நூற்றாண்டின் யூசேபியுவும் இயேசுவின் பிறப்புக்கு உரோமப் பேரரசர் அகுஸ்துவின் 41ஆம் அல்லது 42ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடுவது, அதாவது ஏறக்குறைய கி.மு. 3 அல்லது 2ஐக் குறிப்பிடுவது, இக்கொள்கைக்கு வலிமை சேர்க்கிறது.

எனக்கு இக்கொள்கை நிறைவு தராததற்குக் காரணம் ஏரோதின் மூன்று மகன்கள். தந்தை இறந்தபின் நாடு அர்கெலாயு, அந்திப்பா, பிலிப்பு ஆகிய மூவருக்குப் பங்கிடப்பட்டது. அர்கெலாயு தன் ஆட்சியின் பத்தாம் ஆண்டில், கி.பி. 6இல், பதவி பறிக்கப்பட்டு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டின் வியேன் நகருக்கு நாடு கடத்தப்பட்டான். பிலிப்பு 37 ஆண்டு ஆண்டபின் பேரரசர் திபேரியுவின் 20ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 33க்கும் 34க்கும் இடையில் இறந்தான். கி.பி. 39இல் பதவி இழந்த அந்திப்பாவின் நாணயங்களில் அவனுடைய 43ஆம் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டுள்ளது. மூன்று தனித்தனிக் கணக்குகளையும் பின்னோக்கி எண்ணினால் மூன்றும் கி.மு. 4ஐயே தொடுகின்றன. மூவரும் தந்தை உயிரோடிருந்த காலத்தையும் தங்கள் ஆட்சியில் சேர்த்து எண்ணினார்கள் என்று சிலர் விளக்குகிறார்கள். ஆனால் தன் மகன்களுள் மூவரைக் கொன்ற ஏரோது, தன் அரியணையில் பங்கு கொண்டவர்களாக வேறு மூவரை எண்ண விட்டான் என்பதை நம்புவது கடினம். கிரகணத்துக்கும் பஸ்காவுக்கும் இடைப்பட்ட 29 நாள் நெருக்கடியானதுதான். ஆயினும் அந்த நெருக்கடியைவிட இந்த மூன்று கணக்குகளின் ஒற்றுமை எனக்கு வலுவானதாகத் தெரிகிறது.

ஆக, இயேசு கி.மு. 4ஆம் ஆண்டின் இளவேனிலுக்கு முன் பிறந்திருக்க வேண்டும். எவ்வளவு முன்? இரண்டு வயதும் அதற்குக் குறைவுமான ஆண் குழந்தைகளைக் கொல்ல ஏரோது ஆணையிட்டான் என்னும் மத்தேயுவின் செய்தியைக் கொண்டு கி.மு. 6 அல்லது 7 வரை பின்னே செல்லலாம் என்பர். அந்தப் படுகொலையை, ஏரோதின் கொடுமைகளை விரிவாகப் பட்டியலிடும் யோசேப்பஸ் குறிப்பிடவில்லை. ஆகவே இந்த எல்லையை நான் மென்மையான எல்லையாகவே கொள்கிறேன். கி.மு. 7க்கும் 4க்கும் இடையில் என்பதே பெரும்பாலான நூல்கள் தரும் விடை.

இனி, இந்த விசாரணையின் மிகக் கடினமான பகுதியான குடிமதிப்புக்கு வருவோம். உலகமெங்கும் குடிமதிப்பு எழுதப்பட வேண்டுமென்று அகுஸ்துராயன் கட்டளையிட்டார் என்றும், சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது இந்த முதலாம் குடிமதிப்பு நடந்தது என்றும் லூக்கா எழுதுகிறார். கிறிஸ்துமஸ் ஆராதனைகளில் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய இந்த வரிகளில் ஒரு பெரிய இடறல் மறைந்திருக்கிறது. சிரேனியு என்று நம் வேதாகமம் அழைக்கும் குயிரினியு வரலாற்றில் நன்கு அறியப்பட்டவர். கி.மு. 12இல் உரோமின் கன்சலாக (உயர் ஆட்சியாளராக) இருந்தார், சின்ன ஆசியாவின் மலைகளில் ஓமொனாதேயர் என்னும் குலத்தாரோடு போரிட்டு வென்றார், கி.பி. 21இல் இறந்தார். அவர் சீரியாவுக்கு ஆளுநராக வந்து யூதேயாவில் சொத்துகளைக் கணக்கெடுத்தது, அர்கெலாயு நாடு கடத்தப்பட்டு யூதேயா உரோமரின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்ட கி.பி. 6இல். ஆக்தியம் கடற்போருக்குப் (கி.மு. 31) பின் 37ஆம் ஆண்டு என்று யோசேப்பஸ் அதற்குக் காலமும் குறிக்கிறார். அந்தக் கணக்கெடுப்பை எதிர்த்துக் கலிலேயனான யூதா கிளர்ச்சி செய்தான். அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளிலும் அந்தக் கிளர்ச்சி இடம் பெறுகிறது. ஏரோதின் மரணத்துக்கும் இந்தக் குடிமதிப்புக்கும் இடையே ஏறத்தாழ 9 ஆண்டு இடைவெளி. இயேசு ஏரோதின் நாட்களில் பிறந்தார் என்றால் குயிரினியுவின் குடிமதிப்பின்போது பிறந்திருக்க முடியாது. குடிமதிப்பின்போது பிறந்தார் என்றால் ஏரோது அப்போது உயிரோடில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப அறிஞர்கள் எத்தனையோ வழிகளைத் தேடியிருக்கிறார்கள். குயிரினியு அதற்கு முன்பே ஒருமுறை சீரியாவை ஆண்டிருக்க வேண்டும் என்பது அவற்றுள் புகழ் பெற்றது. உரோமுக்கு அருகிலுள்ள திவோலியில் 1764இல் கண்டெடுக்கப்பட்ட ஓர் உடைந்த கல்வெட்டை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அக்கல்வெட்டில் பெயர் இருந்த பகுதியே உடைந்து போய்விட்டது. மேலும், ஏரோதின் இறுதிக் காலத்தில் சீரியாவை ஆண்டவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்: முதலில் சத்துர்னீனு, அவருக்குப் பின் வாரு. ஏரோது இறந்ததும் எழுந்த கலவரங்களை அடக்கியவர் இந்த வாருதான். பின்னாளில் ஜெர்மானியக் காடுகளில் மூன்று லீஜியன் படைகளை இழந்தவரும் இவரே. அந்த வரிசையில் குயிரினியுவுக்கு இடமில்லை. கி.பி. 200ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் இந்தக் குடிமதிப்பைச் சத்துர்னீனுவின் காலத்தில் வைத்து எழுதியது, சிக்கல் அன்றே உணரப்பட்டதோ என்று எண்ண வைக்கிறது.

வேறு இடறல்களும் உள்ளன. அகுஸ்து தம் சாதனைகளைத் தாமே பட்டியலிட்டு வெண்கலப் பலகைகளில் பொறிக்கச் செய்தார், அதில் கி.மு. 28, கி.மு. 8, கி.பி. 14 ஆகிய ஆண்டுகளில் நடத்திய மூன்று கணக்கெடுப்புகளைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவை உரோமக் குடிமக்களை மட்டும் எண்ணியவை. ஏரோதின் நாடு உரோமுக்குக் கட்டுப்பட்ட தனியரசு. அங்கே உரோமர் நேரடியாக வரிக் கணக்கு எடுப்பது வழக்கமன்று. கி.பி. 6இல் கணக்கெடுக்கப்பட்டது யூதேயா. நாசரேத்து இருந்த கலிலேயாவோ அப்போது அந்திப்பாவின் ஆட்சியில் இருந்தது. முன்னோரின் ஊருக்குச் சென்று பெயர் எழுத வேண்டும் என்னும் விதிக்கும் தெளிவான இணைச் சான்று இல்லை. எகிப்தின் ஆளுநர் கி.பி. 104இல் வெளியிட்ட ஆணை ஒன்று பாப்பிரசில் கிடைத்துள்ளது. வெளியூரில் இருப்போர் கணக்கெடுப்புக்காகத் தம் வீடு திரும்ப வேண்டும் என்கிறது அது. ஆனால் அது அவரவர் வாழும் வீட்டைப் பற்றியது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மூதாதையின் ஊரைப் பற்றியதன்று.

நம்புகிறவனாகிய நான் இதை எழுதத் தயங்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன்: லூக்கா இங்கே இரண்டு காலங்களை ஒன்றாக்கிவிட்டார். ஏரோதின் மரணத்தை அடுத்தும் குடிமதிப்பை அடுத்தும் யூதேயாவில் கலவரங்கள் எழுந்தன. எண்பது ஆண்டுகள் கழித்துத் தொலைதூர நகரம் ஒன்றில் அமர்ந்து எழுதியவருக்கு அவ்விரு கொந்தளிப்பான காலங்களும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். கல்வெட்டை வளைத்தும் ஆளுநர் பட்டியலைத் திருத்தியும் அவரைக் காப்பாற்ற முயல்வது, வேதத்துக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. தாம் கேட்டு ஆராய்ந்ததை ஒழுங்காக எழுதுவதாக லூக்காவே தம் முன்னுரையில் கூறுகிறார். ஆராய்ந்து எழுதுகிறவருக்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர் எழுதியதை ஆராய்ந்து பார்ப்பதுதான்.

அதே லூக்கா தரும் இன்னொரு குறிப்பு நன்றாகவே பொருந்துகிறது. திபேரியுவின் 15ஆம் ஆண்டில் யோவான் ஸ்நானகர் பிரசங்கிக்கத் தொடங்கினார் என்றும், இயேசு தம் பணியைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயதினர் என்றும் அவர் எழுதுகிறார். அகுஸ்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தார். அதிலிருந்து எண்ணினால் திபேரியுவின் 15ஆம் ஆண்டு கி.பி. 28–29. கி.மு. 6க்கும் 4க்கும் இடையில் பிறந்தவருக்கு அப்போது வயது 31 முதல் 34 வரை இருந்திருக்கும். ‘ஏறக்குறைய’ என்று சொன்னவரை இதற்கு மேல் நெருக்கக் கூடாது.

நட்சத்திரத்தைக் கொண்டு ஆண்டைக் கண்டறியும் முயற்சிகள் கவர்ச்சியானவை. 1603இன் இறுதியில் வியாழனும் சனியும் வானில் நெருங்கியதைக் கண்ட வானியலாளர் கெப்ளர், அடுத்த ஆண்டு ஒரு புதிய விண்மீன் ஒளிர்ந்ததையும் கண்டு, கி.மு. 7இல் அதே இரு கோள்கள் மீன ராசியில் மும்முறை நெருங்கின என்று கணித்தார். அக்கணிப்பு சரியானது; ஆனால் அந்த நெருக்கத்தில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு முழுநிலவின் அகலம் இருந்தது; ஒரே விண்மீனாக அவை எவருக்கும் தோன்றியிருக்காது. கி.மு. 5இன் இளவேனிலில் 70 நாளுக்கு மேல் தெரிந்த ஒரு வால்மீனைச் சீன நூல்கள் பதிவு செய்துள்ளன. கி.மு. 2 ஜூனில் வெள்ளியும் வியாழனும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்தன. ஒவ்வொரு கொள்கைக்கும் ஏற்ற ஒரு நிகழ்ச்சி வானில் கிடைத்துவிடுகிறது என்பதே இவ்வழியின் குறை. வழிகாட்டிச் சென்று, ஒரு வீட்டின் மேல் வந்து நின்ற நட்சத்திரத்தை மத்தேயு விவரிக்கிறார். அதை எந்தக் கோளின் கணக்கிலும் அடைக்க முடியாது.

ஆண்டுக் கணக்கைத் தொடங்கிய துறவியின் பெயர் தியோனீசியு எக்சிகு. கருங்கடற் பகுதியான சிதியாவிலிருந்து வந்து உரோமில் வாழ்ந்த இவர், கி.பி. 525இல் ஈஸ்டர் நாட்களுக்கான புதிய அட்டவணையைத் தயாரித்தார். அதுவரை வழங்கிய அலெக்சாந்திரிய அட்டவணை பேரரசர் தியோக்கிளேசியனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து ஆண்டுகளை எண்ணியது. கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த அந்தக் கொடியவனின் நினைவைத் தம் அட்டவணையில் நிலைநிறுத்த விரும்பாமல், கிறிஸ்துவின் மனித அவதாரத்திலிருந்து எண்ணத் தலைப்பட்டதாக அவர் எழுதினார். அந்த உணர்வு எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. ஆனால் தம் காலத்துக்கு 525 ஆண்டுக்கு முன் இயேசு பிறந்தார் என்பதை எவ்வாறு கணித்தார் என்று அவர் எங்கும் விளக்கவில்லை. அகுஸ்துவின் ஆட்சியில் நான்கு ஆண்டை மறந்துவிட்டார் என்பது போன்ற விளக்கங்கள் பின்னாளையோரின் ஊகங்கள். இங்கிலாந்துத் துறவி பீட் 731இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் இக்கணக்கைப் பயன்படுத்தினார். அதன் வழியாக அது மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியது.

ஆண்டைப் பற்றியாவது இவ்வளவு சொல்ல முடிகிறது. நாளைப் பற்றியோ நற்செய்தி நூல்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. முதல் இரு நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் பிறந்தநாளைக் கொண்டாடியதற்கும் தடயமில்லை. வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைப்பவர்கள் பார்வோனும் ஏரோதும் (மகன் அந்திப்பா) போன்ற பாவிகளே என்று மூன்றாம் நூற்றாண்டின் ஒரிஜன் பிரசங்கித்தார். தொடக்கக் கிறிஸ்தவர்கள் போற்றிய நாள், நம்பிக்கைக்காக உயிர்விட்ட இரத்த சாட்சிகளின் இறந்த நாள். அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், கி.பி. 200ஐ ஒட்டி, சிலர் அகுஸ்துவின் 28ஆம் ஆண்டில் எகிப்திய நாட்காட்டியின் பாகோன் மாதம் 25இல் (நம் கணக்கில் மே 20) இயேசு பிறந்ததாகச் சொல்கிறார்கள் என்றும், வேறு சிலர் பார்முத்தி 24 அல்லது 25 (ஏப்ரல் 19, 20) என்கிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். அவர் தரும் பட்டியலில் டிசம்பர் 25 இல்லை. கி.பி. 243இல் எழுதப்பட்ட ஒரு பஸ்கா கணிப்பு நூல், உலகம் மார்ச் 25இல் படைக்கப்பட்டது, சூரியன் நான்காம் நாளில் படைக்கப்பட்டது, ஆகவே மல்கியா தீர்க்கதரிசி கூறிய நீதியின் சூரியன் மார்ச் 28இல் பிறந்தார் என்று நிறுவுகிறது. இவர்கள் எவரும் ஓர் ஊர்ப் பதிவேட்டையோ குடும்ப நினைவையோ காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவனுடைய செயல்களில் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று நம்பி, அந்த ஒழுங்கிலிருந்து நாளை வருவித்தார்கள்.

டிசம்பர் 25 ஐயமின்றி முதலில் தோன்றுவது உரோமில், கி.பி. 354இன் நாட்குறிப்புத் தொகுப்பு ஒன்றில். அதிலுள்ள இரத்த சாட்சிகள் பட்டியல் 336ஆம் ஆண்டளவில் உருவானது. கிறிஸ்து யூதேயாவின் பெத்லெகேமில் பிறந்தார் என்னும் குறிப்போடு அந்தப் பட்டியல் தொடங்குகிறது. அதே தொகுப்பிலுள்ள அரசு நாட்காட்டி, அதே நாளில் ‘வெல்லப்படாதவரின்’ பிறந்தநாளையும் முப்பது தேரோட்டங்களையும் குறிக்கிறது. அவர் சூரிய தேவன் என்றே பலரும் கொள்கிறார்கள். பேரரசர் அவுரேலியன் 274இல் உரோமில் சூரியனுக்குக் கோயில் எழுப்பினார். ஆகவே கிறிஸ்தவர்கள் அந்த விழாவை எடுத்துக்கொண்டார்கள் என்பது பரவலான விளக்கம். ஆனால் அவுரேலியன் டிசம்பர் 25ஐ விழாவாக்கினார் என்று அவர் காலத்துச் சான்று எதுவும் கூறவில்லை. அந்த நாளில் சூரிய விழா இருந்ததற்கான மிகப் பழைய சான்றும் இதே 354ஆம் ஆண்டுத் தொகுப்புதான். அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் சத்துர்னாலியா விழாவோ டிசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்.

மற்றொரு விளக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் துஷேன் 1889இல் முன்வைத்தார். இயேசு சிலுவையில் மரித்த நாளை மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள் மார்ச் 25 என்று கணித்தார்கள். அவர் கருவில் உருவானதும் அதே நாளில் என்று நம்பினார்கள். அதனோடு ஒன்பது மாதம் சேர்த்தால் டிசம்பர் 25. இந்த நம்பிக்கையை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். கிழக்கில் சில குழுவினர் பஸ்காவை ஏப்ரல் 6இல் வைத்தார்கள். அதனோடு ஒன்பது மாதம் சேர்த்தால் ஜனவரி 6, கிழக்குத் திருச்சபைகளின் பழைய விழா நாள். இந்த இரட்டைப் பொருத்தம் என்னை இந்த விளக்கத்தின் பக்கம் சாய்க்கிறது. எனினும் அகஸ்டினின் சொற்கள் விழா ஏற்பட்டுப் பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்தவை என்பதும், உரோமரின் மரபுவழி நாட்காட்டியில் மார்ச் 25 சம இரவு நாளாகவும் டிசம்பர் 25 குளிர்காலத் திருப்பமாகவும் இருந்தன என்பதும் மறக்கக் கூடாதவை. கணக்கிட்டவர்களின் மனத்திலும் சூரியன் இருந்தது. இரண்டு விளக்கங்களையும் முற்றிலும் பிரிப்பது இயலாது.

அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் 386இல் ஆற்றிய பிரசங்கம், இந்த நாள் தம் நகருக்கு அறிமுகமாகிப் பத்து ஆண்டும் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அதை நிலைநாட்ட அவர் யோவான் ஸ்நானகரின் தந்தையான சகரியாவைத் துணைக்கு அழைக்கிறார்: பாவநிவாரண நாளில், அதாவது செப்டம்பரை ஒட்டி, சகரியா ஆலயத்துக்குள் சென்றார், அதன்பின் அவர் மனைவி எலிசபெத்து கருவுற்றார், ஆறாம் மாதமான மார்ச்சில் மரியாள் கருவுற்றார், எனவே பிறப்பு டிசம்பரில். அந்த நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் செல்பவர் பிரதான ஆசாரியர் மட்டுமே; சகரியாவோ அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சாதாரண ஆசாரியர், தூபம் காட்டச் சீட்டு விழுந்ததால் உள்ளே சென்றவர். ஆசாரியரின் இருபத்து நான்கு வகுப்புகளும் ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு வாரம் பணி செய்ததால், அபியா வகுப்பைக் கொண்டு இன்று கணிப்பவர்களும் உறுதியான நாளை எட்ட முடியாது. மேய்ப்பர்கள் இரவில் வயலில் இருந்ததைக் கொண்டு குளிர்காலத்தை விலக்குவோரும் அவ்வாறே. பெத்லெகேம் ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர் இரவு குளிரும் மழையும் கொண்டது என்பது உண்மை. ஆயினும் மழைக்குப் பின் புல் முளைக்கும் அந்தப் பகுதியில் குளிர்காலத்திலும் ஆடுகள் மேய்ந்தன.

இந்தத் தேதிகளோடு பின்னிப் பிணைந்த இன்னொரு கேள்வி, இயேசு இறந்தபோது அவருடைய வயது என்ன என்பது. முப்பது வயதில் தொடங்கினார், யோவான் நற்செய்தி குறிப்பிடும் மூன்று பஸ்காக்களைக் கடந்தார், ஆகவே 33 என்பது மரபு. இரேனேயுவோ, ‘உமக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லையே’ என்று யூதர்கள் கேட்டதை வைத்து, இயேசு நாற்பதைக் கடந்து ஐம்பதை நெருங்கியவர் என்று வாதிட்டார். இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த உரோம ஆளுநர் பிலாத்து யூதேயாவை கி.பி. 26 முதல் 36 வரை ஆண்டார். அக்காலத்தில் பஸ்காவும் வெள்ளிக்கிழமையும் பொருந்தும் நாட்களாகப் பெரும்பாலோர் ஏற்பவை கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரண்டு. கி.மு. 1ஐ அடுத்து நேராக கி.பி. 1 வருவதால், கணக்கிடும்போது ஓர் ஆண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். கி.மு. 5இன் இளவேனிலில் பிறந்து கி.பி. 30இல் சிலுவையில் அறையப்பட்டார் என்றால் அவருக்கு வயது 34, கி.பி. 33 என்றால் 37. என் கணிப்பில் முன்னதற்கே வாய்ப்பு கூடுதல். ஏனெனில் எருசலேம் ஆலயம் கட்டப்பட்டு 46 ஆண்டு ஆயிற்று என்று இயேசுவின் பணித் தொடக்கத்தில் யூதர்கள் கூறும் சொல், ஏரோது கி.மு. 20–19இல் அதைத் தொடங்கினான் என்னும் கணக்கோடு சேர்ந்து, கி.பி. 28ஐ ஒட்டிய பஸ்காவுக்கு நம்மைக் கொண்டு வருகிறது.